ஸ்பைட்டன் டைவில் வளைவில் கண் அயர்ந்த ரயில் ஓட்டுநர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2013 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஸ்பைட்டன் டைவில் ரயில் நிலையத்துக்குச் சற்று முன்னால் உள்ள வளைவில் ஒரு பயணிகள் ரயில் தடம்புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஓட்டுநர் குடித்திருக்கவில்லை, போதை மருந்து எதுவும் எடுத்திருக்கவில்லை, போனும் பேசவில்லை. கண் அயர்ந்துவிட்டார்.

செய்தி என்ற அளவில் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் அந்த ஓட்டுநரின் உடல் பல காலமாகவே அறிகுறிகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அவரைப் பரிசோதித்தவர்களின் பார்வையும், ரயிலில் இருந்த பாதுகாப்புக் கருவியும் வேறெங்கோ இருந்தன. லாரி, பேருந்து, ஆலைக் கட்டுப்பாட்டு அறை, மருத்துவமனை இரவுப் பணி என்று விழித்திருப்பதே வேலையாக உள்ள எந்த இடத்திலும் இதேபோல நடக்கலாம். அதனால்தான் இந்த நிகழ்வை ஆரம்பத்திலிருந்து எழுதிவைக்கிறேன். விபத்தை விசாரித்தது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். இங்கே உள்ள நிகழ்வு விவரங்களில் பெரும்பகுதி அந்த விசாரணையில் வெளியானவை. ஓட்டுநரின் பெயர் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை.

## பின்னணி

போகீப்ஸி நகரிலிருந்து மன்ஹாட்டனின் கிராண்ட் சென்ட்ரல் வரை ஹட்சன் ஆற்றங்கரையை ஒட்டியே இறங்கி வருகிறது மெட்ரோ-நார்த் நிறுவனத்தின் ஹட்சன் தடம். ஹார்லெம் ஆறு ஹட்சனைச் சந்திக்கும் இடத்தில் இந்தத் தடம் தெற்கிலிருந்து இடப்பக்கமாகக் கிழக்கே சட்டென்று திரும்புகிறது. அதற்கு முன்புள்ள நேரான பகுதியில் மணிக்கு 70 மைல், அதாவது 113 கி.மீ. வரை போகலாம். வளைவில் 30 மைலுக்கு, அதாவது 48 கி.மீ.க்கு இறக்கியாக வேண்டும். அப்படி இறக்குவது முழுக்க ஓட்டுநர் கையில் இருந்தது. முன்னால் ரயில் நின்றால் எச்சரித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிக்னல் அமைப்பு அந்தத் தடத்தில் இருந்தது. ஆனால் வளைவு வருகிறது என்று அந்த அமைப்புக்குத் தெரியாது.

ஓட்டுநர் 46 வயதுக்காரர், அனுபவசாலி. விபத்துக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு வரை பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும் பணியில் இருந்தார். பிறகு விடியற்காலைப் பணிக்கு மாறினார். அதற்கு அதிகாலை மூன்றரை மணி வாக்கில் எழுந்தாக வேண்டும். அதுவரை அவர் உடல் நல்ல தூக்கத்தில் இருந்த நேரம் அது.

வேலை நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதைவிட முன்னுக்கு இழுப்பது உடலுக்குக் கடினம். வழக்கமாக நள்ளிரவுக்கு மேல் தூங்குகிறவர் ஒன்பது மணிக்கே படுத்தால் தூக்கம் எளிதில் வராது. வந்தாலும், உடல் வெப்பம் மிகவும் தணிந்து மூளை தூங்கச் சொல்லும் நேரத்தில் அலாரம் அடித்துவிடும். இரண்டு வாரம் போனால் பழகிவிடும் என்று பணிப் பட்டியல் போடுகிறவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். விடுமுறை நாட்களில் பழைய நேரத்துக்கே திரும்பிவிடும் உடலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

## அந்தக் காலை

ரயில் 5.54க்கு போகீப்ஸியிலிருந்து கிளம்பியது. ஏழு பெட்டிகள். இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, முதல் பெட்டியிலுள்ள அறையில் அமர்ந்து ஓட்டுநர் ஓட்டினார். நன்றி தெரிவிக்கும் திருநாள் விடுமுறை முடிந்த ஞாயிறு என்பதால் கூட்டம் குறைவு. வார நாளாக இருந்திருந்தால் இறந்தவர்களின் எண்ணிக்கை நினைத்துப் பார்க்கவே கலக்கமாக இருக்கிறது.

ஸ்பைட்டன் டைவில் வளைவை நெருங்கும்போது மணி 7.20 ஆகப்போகிறது. வேகம் குறையவில்லை. 82 மைல், அதாவது 132 கி.மீ. வேகத்தில் ரயில் வளைவுக்குள் புகுந்தது. வளைவில் பக்கவாட்டு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அனுமதித்த வேகத்தில் வந்திருந்தால் இருந்திருக்கும் விசையைப்போல ஏழரை மடங்கு அப்போது ரயிலை வெளிப்பக்கம் தள்ளியது.

ரயில் முழுதாக நிற்பதற்கு 6 விநாடி முன்பு இன்ஜினுக்கு விசை கொடுப்பது நின்றதாகவும், 5 விநாடி முன்பு பிரேக் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கியதாகவும், அதாவது அவசர பிரேக் விழுந்ததாகவும் பதிவுக் கருவி காட்டியது. அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 36 மீட்டருக்கு மேல் போகும் ரயிலுக்கு அது எந்த விதத்திலும் போதாது. இன்ஜினும் ஏழு பெட்டிகளும் தடம்புரண்டன. முதல் பெட்டி ஆற்று நீரை ஒட்டிப் போய் நின்றது. பெட்டிகள் சாய்ந்து இழுபட்டதில் ஜன்னல் கண்ணாடிகள் பெயர்ந்தன. இறந்த நால்வரும் அந்த வழியாக வெளியே வீசப்பட்டவர்கள்.

## விசாரணையில் கவனித்தவை

தண்டவாளத்தில் குறை இல்லை. சிக்னலிலும் பிரேக்கிலும் குறை இல்லை. முந்தின இரவு ஓட்டுநர் நேரத்தோடு படுத்திருந்தார். வழக்கமான சந்தேகங்கள் ஒவ்வொன்றாக விலகியபின் மிஞ்சியது அவர் சொன்ன வாக்குமூலம்தான். ஒருவித மயக்கத்தில் இருந்ததுபோல் இருந்தது என்றார். நெடுஞ்சாலையில் நெடுநேரம் கார் ஓட்டும்போது முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு நிலை வருமே, அதைப்போல இருந்தது என்று விளக்க முயன்றார். ரயில் ஏதோ சரியில்லாமல் போகிறது என்று உணர்ந்தபோதுதான் தெளிந்து பிரேக்கைப் போட்டார்.

இப்படிச் சொன்னால் பொய் என்று நினைப்பவர்கள் உண்டு. “தூங்கினாயா, இல்லையா? அதைச் சொல்” என்பார்கள். ஆனால் நுண்தூக்கத்தில் விழுந்தவருக்குப் பெரும்பாலும் தான் தூங்கியதே தெரியாது. ஒரு விநாடி முதல் பத்துப் பதினைந்து விநாடி வரை நீடிக்கும் அந்த இடைவெளி நினைவில் பதிவதில்லை. கண் பாதி திறந்தே இருக்கலாம். ஆகவே அவர் சொன்ன விளக்கத்தை உடலியல் ரீதியில் நம்பத்தகுந்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

விபத்துக்குப் பிறகு அவரைத் தூக்கப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். தூக்கத்தில் தொண்டை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும் ஸ்லீப் ஆப்னியா அவருக்குக் கடுமையாக இருப்பது தெரியவந்தது. மூச்சு பத்து விநாடியாவது நின்றுபோவதும் பாதியாகத் தடைபடுவதும் மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நடந்தால் கடுமை என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை திடுக்கிட்டு விழிக்கும், மூச்சு திரும்பும், மறுபடி தூக்கம். காலையில் எழுந்தவருக்கு இதில் ஒன்றும் நினைவிருக்காது. “நல்லா ஏழு மணி நேரம் தூங்கினேன்” என்று மனதார நம்பிச் சொல்வார். படுக்கையில் இருந்த நேரத்தை மட்டும் கேட்கும் எந்தப் படிவமும் இவரிடம் தோற்றுப்போகும்.

## உடல் முன்கூட்டியே காட்டியவை

எனக்கு மிகவும் மனதைத் தைப்பது இந்தப் பகுதிதான். உடற்பருமன், ஆண் என்பது, குறட்டை, அசதி பற்றிய புகார், பகலில் மிகையான தூக்கம் என்று இந்த நோய்க்கான அடையாளங்கள் பல அவரிடம் இருந்ததாக வாரியம் குறிப்பிட்டது. அவரைப் பார்த்துவந்த மருத்துவரும் ஸ்லீப் ஆப்னியாவுக்குப் பரிசோதிக்கவில்லை, நிறுவனத்தின் உடற்தகுதிச் சோதனையிலும் அது நடக்கவில்லை. ரயில் ஓட்டுநருக்குக் கூட்டரசு விதி கட்டாயமாகக் கேட்டது கண்பார்வையும் செவித்திறனும்தான். சிக்னலைப் பார்க்கக் கண் உண்டா, ஒலியைக் கேட்கக் காது உண்டா என்று சோதித்தார்கள். அந்தக் கண் விடியற்காலையில் திறந்திருக்குமா என்பது கேள்வித்தாளில் இல்லை.

கவனம் நழுவுவதற்கு முன் உடலில் நடப்பவை ஓரளவு நன்றாகவே ஆராயப்பட்டவை. முதலில் கண். சாதாரணமாக இமைப்பு அரை விநாடிகூட ஆகாது. களைப்பு ஏற ஏற இமை கீழே தங்கும் நேரம் நீள்கிறது. கண்விழி இடமும் வலமும் மெதுவாக உருளத் தொடங்குகிறது. விழித்திருப்பவரின் சுறுசுறுப்பான பார்வைத் தாவல் குறைகிறது. கண்மணி ஒரே அளவில் நிற்காமல் சுருங்கி விரிந்து அலைபாய்கிறது. இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்கும் நேரம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு என்பதை அளக்கும் பெர்க்ளோஸ் என்ற அளவீடு 1990களிலிருந்து ஓட்டுநர் ஆய்வுகளில் பயன்படுகிறது.

மூளை அலைகளில், விழிப்பில் கண்மூடி ஓய்வாக இருக்கும்போது தெரியும் ஆல்ஃபா அலை மங்கி, விநாடிக்கு 4 முதல் 7 துடிப்புள்ள தீட்டா அலை மேலோங்கும். இதயத் துடிப்பு சற்றுத் தணியும். கைகால் விரல்களில் இரத்த நாளங்கள் விரிந்து தோல் வெதுவெதுப்பாகும். தூக்கம் வரும் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்த எந்தத் தாய்க்கும் இது தெரியும். தலை தொங்கி விழுவது இந்த வரிசையில் கடைசியில் வருவது. அதை அறிகுறி என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்.

வெளியிலிருந்து அளக்க எளிதானது மறுமொழி நேரம். திரையில் ஒளி தோன்றியதும் பொத்தானை அழுத்தச் சொல்லும் பத்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. அரை விநாடிக்கு மேல் தாமதித்தால் அது ஒரு நழுவல் என்று கணக்கு. களைத்தவரின் சராசரி வேகம் பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். நடுநடுவே இரண்டு விநாடி, மூன்று விநாடி என்று ஒட்டுமொத்தமாக ஆள் காணாமல் போவார். உடனே திரும்பி வந்து வழக்கம்போல் அழுத்துவார். அதனால்தான் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட “நல்லாத்தானே இருக்கார்” என்று தோன்றுகிறது.

பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கணிப்பும் உதவுவதில்லை. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 நாட்கள் தொடர்ந்து ஆறு மணி நேரமோ நான்கு மணி நேரமோ மட்டும் தூங்க அனுமதித்தவர்களைக் கவனித்தார்கள். நழுவல்கள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. தூக்கம் வருகிறது என்ற உணர்வோ சில நாட்களில் ஏறுவதை ஏறத்தாழ நிறுத்திவிட்டது. பழகிவிட்டோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் திறன் மேலும் மேலும் சரிந்தது.

இதோடு வேலையின் தன்மையும் சேர்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் ரேடார் கண்காணிப்பாளர்களுக்காக நார்மன் மாக்வொர்த் கடிகாரம்போன்ற ஒரு சோதனையை வடிவமைத்தார். முள் எப்போதாவது இரட்டையாகத் தாவும், அதைப் பிடிக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் கழிந்ததுமே தவறவிடுவது கூடியது. தூக்கமே தேவையில்லை, ஒன்றும் நடக்காத காத்திருப்பே போதும். ஆற்றங்கரை ஓரமாக, விடிந்தும் விடியாத வேளையில், ஒரே சீரான ஓசையோடு நேர்த்தடத்தில் போகும் ரயில் அறையில் இரண்டு காரணங்களும் ஒன்றுகூடிவிட்டன.

## பெடல் ஏன் காப்பாற்றவில்லை

முதல் பெட்டியின் ஓட்டுநர் அறையில் காலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய பெடல் இருந்தது. காலை எடுத்தால் ரயில் நின்றுவிடும். ஓட்டுநர் மயங்கி விழுந்தாலோ இறந்துபோனாலோ காப்பாற்ற உருவான ஏற்பாடு அது. லேசான தூக்கத்தில் கால் அப்படியே இருக்கும். தசை முற்றாகத் தளர்வதில்லை, காலின் எடையே பெடலைக் கீழே வைத்திருக்கப் போதும்.

இதைவிட நல்ல கருவி ஒன்று அதே ரயிலில் இருந்தது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஓட்டுநரிடமிருந்து எந்தச் செயலும் இல்லையென்றால் ஒலி எழுப்பி, அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் போடும் அலர்ட்டர் அது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த இன்ஜினில் அது பொருத்தப்பட்டிருந்தது. ஓட்டுநர் உட்கார்ந்திருந்த முன் அறையில் இல்லை.

அலர்ட்டர் இருந்திருந்தால் நிச்சயம் தப்பித்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பழகிய ஓட்டுநர் அரைத்தூக்கத்தில்கூடப் பொத்தானைத் தட்டிவிடுவது பல நாடுகளின் ரயில்களில் தெரிந்த விஷயம். என்றாலும் பெடலைக் காட்டிலும் அது ஒரு படி மேல்.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

முதல் நடவடிக்கை ஐந்தே நாளில் வந்தது. டிசம்பர் 6 அன்று கூட்டரசு ரயில் நிர்வாகம் அவசர ஆணை பிறப்பித்தது. 20 மைலுக்கு மேல் வேகம் குறைக்க வேண்டிய இடங்களைக் கண்டறிந்து, அங்கே வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும்படி சிக்னலை மாற்ற வேண்டும். அதுவரை அந்த இடங்களில் தகுதி பெற்ற இன்னொரு பணியாளர் ஓட்டுநரோடு தொடர்பில் இருக்க வேண்டும். இரண்டாவது குரல் என்பது எளிய வழி, ஆனால் அர்த்தமுள்ள வழி. இந்திய ரயில்வேயில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் கைகாட்டி உரக்கச் சொல்லிக்கொள்வதிலும் இதே பொருள்தான் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தால் நழுவியவர் அடுத்தவருக்கு உடனே தெரிந்துவிடுவார்.

ஸ்பைட்டன் டைவில் வளைவுக்கான சிக்னல் மாற்றத்தை மெட்ரோ-நார்த் ஒரு வாரம் போல எடுத்து முடித்தது. ஏற்கெனவே இருந்த அமைப்பிலேயே செய்த மாற்றம் அது. பல ஆண்டுகளாகச் செய்திருக்கக்கூடியது நான்கு உயிர் போனபின் சில நாளில் முடிந்தது. இந்தத் தாமதத்தை எந்தத் தொழில்நுட்ப விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்பதே என் கருத்து.

2014 பிப்ரவரியில் வாரியம் வேகக் குறைப்பு இடங்களில் நிலையான அறிவிப்புப் பலகைகளும், ஓட்டுநர் அறைக்குள் படம்பிடிக்கும் கேமராக்களும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த மாதம் ரயில் நிர்வாகம் வெளியிட்ட தனி அறிக்கை, அந்த நிறுவனத்தில் பாதுகாப்பைவிட நேரந்தவறாமைக்கே அதிக அழுத்தம் இருந்ததாகச் சொன்னது.

2014 அக்டோபரில் விபத்துக் காரணத்தை வாரியம் அறிவித்தது. கண்டறியப்படாத கடுமையான ஸ்லீப் ஆப்னியா, அதை மோசமாக்கிய பணி நேர மாற்றம், இதனால் ஓட்டுநர் தூங்கிப்போனார். தூக்கக் கோளாறுக்குப் பரிசோதிக்கும் கொள்கை நிறுவனத்திலும் இல்லை, விதியிலும் இல்லை என்பதையும், வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் பாசிட்டிவ் டிரெயின் கன்ட்ரோல் அமைப்பு இல்லாததையும் துணைக் காரணங்களாகக் குறிப்பிட்டது. இறப்புகளுக்கு ஜன்னல் பெயர்ந்ததையும் சேர்த்தது. ஓட்டுநர் மீது குற்றவழக்கு இல்லை என்று 2015 மே மாதம் பிராங்க்ஸ் அரசு வழக்குத் தரப்பு முடிவெடுத்தது. சரியான முடிவு. தனக்குத் தெரியாத நோயால் தனக்குத் தெரியாமல் விழுந்த தூக்கத்துக்குச் சிறை தண்டனை கொடுத்தால், அடுத்த ஓட்டுநர் குறட்டையைப் பற்றி மருத்துவரிடம் வாயே திறக்கமாட்டார்.

## பிறகு நடந்தவை

நோய் தெரிந்ததும் அந்த ஓட்டுநருக்குச் சிகிச்சை தொடங்கியது. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவிக்கு அவர் உடல் நன்றாக இசைந்தது. இவ்வளவு எளிதில் கட்டுப்படுத்தக்கூடிய நோய் அது.

மெட்ரோ-நார்த் தன் ஓட்டுநர்களைப் பரிசோதிக்கத் தொடங்கியபோது 11.6 சதவீதம் பேருக்கு ஸ்லீப் ஆப்னியா இருப்பது தெரிந்தது. அந்த ஒருவர் விதிவிலக்கு இல்லை என்பது இதில் புரிந்துபோனது. 2016 மார்ச்சில் ரயில், லாரி ஓட்டுநர்களுக்கு இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாமா என்று அரசு கருத்துக் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூஜெர்சியின் ஹோபோகன் நிலையத்தில் ஒரு ரயில் நிற்காமல் முட்டுத்தடுப்பை இடித்து ஒருவர் இறந்தார். 2017 ஜனவரியில் புரூக்ளினில் இன்னொரு ரயில் அதேபோல மோதியது. இரண்டிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இரண்டு ஓட்டுநர்களுக்கும் கண்டறியப்படாத கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2017 ஆகஸ்டில் அந்தக் கட்டாய விதி முயற்சியை அரசு கைவிட்டது. பாசிட்டிவ் டிரெயின் கன்ட்ரோல் அமெரிக்காவின் கட்டாயத் தடங்கள் முழுவதிலும் நடைமுறைக்கு வர 2020 டிசம்பர் ஆனது.

## மாற்ற வேண்டியவை

இந்த நிகழ்வை வைத்து ஒரு பணியிடம் எதையாவது மாற்ற நினைத்தால், நான் முதலில் போவது மருத்துவப் பரிசோதனை அறைக்கு. ஸ்டாப்-பேங் என்ற கேள்வித்தாளில் எட்டே கேள்விகள். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா, இரத்த அழுத்தம் உண்டா, எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. ஐந்து நிமிடம் ஆகாது. மூன்றாவது கேள்விக்கு மனைவியோ கணவரோதான் பதில் சொல்ல முடியும் என்பதால் வீட்டிலுள்ளவரையும் கேட்பது நல்லது. “ஆம்” என்று சொன்னால் வேலை போய்விடாது, சிகிச்சையும் அந்த நாட்களுக்குச் சம்பளமும் கிடைக்கும் என்ற உறுதியை எழுத்தில் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் நடத்தும் பரிசோதனையில் எல்லோரும் “இல்லை” என்றே நிரப்புவார்கள்.

அடுத்தது பணிப் பட்டியல். மாலைப் பணியிலிருந்து விடியற்காலைப் பணிக்கு மாறும் ஒருவருக்கு முதல் சில வாரங்கள் தனியாக ஓட்டும் வேலையைக் கொடுக்காமல் இருக்கலாம், அல்லது கடினமான வளைவும் நீண்ட நேர்த்தடமும் உள்ள தடத்திலிருந்து மாற்றி வைக்கலாம். ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும். வரட்டும், அந்தப் பற்றாக்குறையின் விலையையும் கணக்கில் எழுதச் சொல்ல வேண்டும்.

கண்ணைக் கவனிக்கும் கேமராக்கள் இப்போது லாரிகளிலும் பேருந்துகளிலும் வந்துவிட்டன. இமை மூடும் நேரம் கூடும்போது அவை ஒலி எழுப்பும். பயனுள்ளவைதான். ஆனால் அவை காட்டுவது, நோயிலும் பணி நேர மாற்றத்திலும் தொடங்கி வரும் களைப்பின் கடைசிக் கட்டத்தை. கேமரா மணியடித்த ஓட்டுநரின் பெயர் அபராதப் பட்டியலுக்குப் போகாமல் மருத்துவரிடம் போனால்தான் அந்தக் கருவி வாங்கியதற்குப் பயன் உண்டு. ஒரே மாதத்தில் ஒருவருக்கே பலமுறை மணியடித்தால், அவரை இறக்கி உட்கார வைத்து மேலே சொன்ன எட்டுக் கேள்விகளைக் கேளுங்கள்.